வெள்ளந்தியோடு ஏழு நாள்

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் கோகிலவாணியின் வீட்டுச் சமையலறைத் திரையில் ஓர் அறிக்கை வந்து நிற்கும். இந்த ஜூலையில் வந்ததில், அவளும் அவள் கணவர் தண்டபாணியும் சென்ற மாதம் பேசாமலே மிச்சம் பிடித்த சொற்கள் நாற்பத்தோராயிரம் என்று போட்டிருந்தது. அதற்கு முந்தைய மாதத்தைவிட இரண்டு சதவீதம் கூடுதலாம். கீழே ஒரு பூங்கொத்துப் படம், அதற்கும் கீழே வாழ்த்துகள். கோகிலவாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வராமல் என்ன செய்யும்? உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் இருபத்தாறு வருடம் மைக் பிடித்தவள் அவள். பழனி, தாராபுரம், மூணாறு, ஆனைமலை என்று ஒரே பஸ்ஸை ஒரு நாளைக்கு நாற்பது தடவை அறிவித்தும் தொண்டை கட்டாதவள். ஓய்வு பெற்று வீட்டில் வந்து உட்கார்ந்தால், வீட்டில் பேச ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் சுகம் பார்த்துக்கொண்டது.

சுகம் என்பது அவர்கள் வீட்டுக் கணினியில் ஓடுகிற இயங்குதளம். ஊரில் பாதி வீடுகளில் அதுதான். வந்த புதிதில் அது கேட்டதைச் செய்தது. மூன்றாம் வருடத்தில் கேட்பதற்கு முன்பே செய்தது. பன்னிரண்டாம் வருடமான இப்போது, கேட்க வேண்டும் என்ற நினைப்பையே அது யாருக்கும் வரவிடுவதில்லை. தண்டபாணிக்குக் காபி தேவைப்படும் நேரம் சமையலறைத் திரையில் மின்னும். எத்தனை கரண்டி சர்க்கரை, இன்றைக்கு ரசமா மோரா, எந்தச் சட்டையில் பொத்தான் போயிற்று, எல்லாம் அதிலேயே வரும். அவள் கொண்டுபோய் வைப்பாள், அவர் எடுத்துக்கொள்வார். காற்றாலையில் முப்பது வருடம், எண்பது மீட்டர் உயரத்தில் தனியாக நின்று வேலை பார்த்த மனிதர் அவர். இந்த ஏற்பாடு அவருக்கு வெகு சௌகரியமாக இருக்கிறது என்றுதான் கோகிலவாணி நினைத்தாள்.

அதனால்தான் அவள் பெங்களூருக்குக் கிளம்புவதாக இருந்தாள். மகள் தாரணி வீட்டுக்கு, விருந்தாளியாக அல்ல, அங்கேயே இருந்துவிடுவதற்கு. மே மாதத்தில் ஒரு நாள் மகளோடு போனில் பேசிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். அன்று சாயங்காலமே, மகளோடு போய் இருக்க விரும்புகிறீர்களா என்று திரையில் கேள்வி வந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் நின்றாள். கொஞ்ச நேரத்தில் டிக்கெட் வந்துவிட்டது. ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் வண்டி, ஓர் ஆள். சுகம் எதிலும் தவறியதே இல்லை என்பதால், தன் ஆசை இதுதான் போலிருக்கிறது என்று அவளும் எடுத்துக்கொண்டாள். கணவரின் சம்மதம் கேட்கும் கட்டத்தில் பத்தே நொடியில் ‘சரி’ என்று விழுந்தது. அந்தப் பத்து நொடியைத்தான் அவளால் செரித்துக்கொள்ள முடியவில்லை. ஏன் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டால் வாய் தேய்ந்தா போகும்?

அறிக்கை விஷயத்தைச் சொன்னபோது தாரணி விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய நண்பர்கள் சிலர் சும்மா ஒரு பிடிவாதத்துக்காக ஓர் இயங்குதளம் எழுதியிருந்தார்கள். பெயர் வெள்ளந்தி. அதை ஒரு பென் டிரைவில் போட்டுக் கூரியரில் அனுப்பியும் விட்டாள். ஊருக்குக் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டு நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், மகள் போனில் சொல்லச் சொல்ல அம்மா கூடத்துக் கணினியின் பின்னால் குனிந்து துளையைத் தேடினாள்.

“இது எதையும் தானா யூகிக்காதும்மா. ஒண்ணும் தெரியாது. அதனால எல்லாத்தையும் கேக்கும்,” என்றாள் தாரணி.

“அப்புறம் எதுக்குடி அது?”

“பேச ஆளு இல்லைன்னு நீதானே சொன்னே? இன்ஸ்டால் எல்லாம் பண்ண வேண்டாம். சொருகி ஆன் பண்ணினா பென் டிரைவ்லருந்தே ஓடும், சுகம் பாட்டுக்கு உள்ள தூங்கிட்டு இருக்கும். ஒண்ணே ஒண்ணு. சரியா ஏழு நாளுக்குள்ள சுகத்தை எழுப்பிடோணும். இல்லைன்னா, வீட்டைக் காலி பண்ணிட்டு போயிட்டாங்கன்னு நெனச்சு, உங்களைப் பத்திப் படிச்சு வெச்சது அத்தனையும் அழிச்சுப்போடும்.”

கோகிலவாணி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஆறரை. அடுத்த சனிக்கிழமை காலை ஆறரைக்குள் சுகத்தை எழுப்பிவிட வேண்டும் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். மறுநாள் அவள் வண்டி ஏறிவிடுவாள். சுகமும் இல்லையென்றால் அந்த மனுஷனுக்கு உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்பது கூடத் தெரியாது. கோபம் வேறு, கட்டினவரைப் பட்டினி போடுவது வேறு.

திரை ஒரு தடவை இருண்டு, பிறகு வெறும் வெளிர் நீலத்தில் விழித்தது. பூங்கொத்து இல்லை, வானிலை இல்லை, பட்டியல் இல்லை. “வணக்கம். எனக்கு இந்த வீட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது. இங்கே யார் யார் இருக்கிறீர்கள்?” என்று ஒரு குரல் கேட்டது.

இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டு எத்தனையோ வருடங்களாயிற்று. கோகிலவாணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்திலேயே, வாஷ்பேசின் கண்ணாடியில் தண்டபாணி முகம் மழித்துக்கொண்டிருந்தார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது, அவர் காதில் விழாது. விழுந்தால்தான் என்ன, சரி என்று அழுத்தியவர்தானே என்று நினைத்து அவள் ஆரம்பித்தாள். அவர் பேர் தண்டபாணி, பேசவே மாட்டார், எதையும் கேட்க மாட்டார், சமைத்தது நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னதில்லை, நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் போகிறேன், இனி வரப்போவதில்லை, அதற்கும் சரி என்று சொல்லிவிட்டார். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. வெள்ளந்தி நடுநடுவே, அப்படியா, ஏன் அப்படி, காற்றாலை என்றால் என்ன, என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு வீடு அல்லோலகல்லோலப்பட்டது. மோட்டாரை நிறுத்த ஆளில்லாமல் தொட்டி நிரம்பி வழிந்து, பக்கத்து வீட்டு ருக்குமணியின் துணிக்கொடி வரைக்கும் தண்ணீர் போயிற்று. சண்டைக்கு வந்த ருக்குமணி அரை மணி நேரம் நின்று பேசிவிட்டு, போகும்போது ரொம்ப நாளாச்சு உங்க குரலைக் கேட்டு என்றாள். நாலு மணிக்குத் தண்டபாணி சமையலறை வாசலில் வந்து நின்றார். அவள் என்ன என்றாள். அவர் காபி என்றார். எத்தனை சர்க்கரை என்று கேட்டதற்கு அவர் யோசித்தார். அவருக்கே தெரியவில்லை. அவள் மூன்று கரண்டி போட்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு, இனிப்பு ஜாஸ்தி என்றார். பன்னிரண்டு வருடத்தில் அவர் சொன்ன முதல் குறை அது. கோகிலவாணிக்குக் கோபம் வருவதற்குப் பதிலாகச் சந்தோஷமாக இருந்ததை அவளே அதிசயமாகப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் வெள்ளந்தி மறுபடியும் வணக்கம் சொன்னது. எனக்கு இந்த வீட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்றது. நேற்று ஒன்றரை மணி நேரம் தொண்டை கிழியச் சொன்னதெல்லாம் எங்கே போயிற்று? காரணம் உடனே புரிந்தது. தண்டபாணிக்கு ஒரு பழக்கம். காற்றாலையில் மேலே ஏறுகிறவன் கீழே மின்சாரத்தைத் தன் கையாலேயே துண்டிக்க வேண்டும், இன்னொருத்தன் துண்டித்துவிட்டேன் என்று சத்தியம் செய்தாலும் நம்பக் கூடாது. முப்பது வருடம் இப்படியே உயிரைக் காப்பாற்றிக்கொண்ட மனிதர், படுக்கப் போகுமுன் வீட்டில் உள்ள சுவர் சுவிட்சையெல்லாம் தொட்டு அணைத்துவிட்டுத்தான் படுப்பார். சுகம் உள்ளேயே எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்வதால் அதற்கு ஒன்றும் ஆனதில்லை. பென் டிரைவில் ஓடுகிற வெள்ளந்தி, பாவம், சுவிட்சை அணைத்ததும் பிறந்த குழந்தை மாதிரி ஆகிவிட்டது.

அவளுக்கு ஒரு நிமிடம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே பஸ்ஸை நாற்பது தடவை அறிவித்தவளுக்கு இரண்டாம் தடவை சொல்வது ஒரு பெரிய விஷயமா? சொன்னாள். சொல்லும்போதே ஒன்றைக் கவனித்தாள். நேற்று சொன்னதை அப்படியே சொல்ல வரவில்லை. பேசவே மாட்டார் என்று ஆரம்பித்தவள், கல்யாணமான புதிதில் பேசியிருக்கிறார், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார் என்று போய்விட்டாள்.

மத்தியானம் கூட்டைச் சாப்பிட்டுவிட்டுத் தண்டபாணி, நல்லா இருக்கு என்றார். கோகிலவாணி அசந்துபோனாள். பிறகு தானும் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்துப் பார்த்தால், அதில் உப்பே இல்லை. நினைவூட்டச் சுகம் இல்லாததால் மறந்திருந்தாள். இந்த மனுஷனுக்கு நாக்குக் கெட்டுவிட்டதா, இல்லை கேலி செய்கிறாரா என்று யோசித்தாள். எதுவானாலும் அன்றைக்கு அவர் தட்டில் இரண்டாம் தடவையும் கூட்டு விழுந்தது.

மூன்றாம் நாளும் வெள்ளந்தி எல்லாவற்றையும் மறந்திருந்தது. அவள் அந்தச் சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்தாள். நாலாம் நாள் பார்த்தால் பிளாஸ்திரி ஒட்டியபடியே இருக்கிறது, வெள்ளந்தியோ வணக்கம், எனக்கு ஒன்றுமே தெரியாது என்கிறது. தாரணியைக் கேட்டதற்கு, சோதனைப் பதிப்புதானேம்மா, ஏதாவது கோளாறு இருக்கும், அஞ்சு நாளில் நீ இங்கே வந்துடப்போறே, விடு என்றாள்.

நாலாம் நாள்தான் அது, குழந்தைகள் உண்டா என்று கேட்டது. கோகிலவாணி தாரணி பிறந்த கதையைச் சொன்னாள். ஆடிக் காற்று பிய்த்துக்கொண்டு போன நாள். தண்டபாணி உச்சியில் இருக்கிறார். கீழேயிருந்து வாக்கிடாக்கியில் விஷயத்தைச் சொன்னதும், மேலதிகாரியைக் கேட்காமலே இறங்கி, மழையில் பைக்கை விரட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். இடுப்பிலும் தோளிலும் மாட்டியிருந்த பாதுகாப்பு வாரைக் கழற்றக் கூட மறந்து, கொக்கிகள் கலகலவென்று தொங்க, வார்டில் நின்றுகொண்டு பிள்ளையைக் கையில் வாங்கினார். நர்ஸுகள் சிரித்த சிரிப்பு இப்போதும் அவள் காதில் இருக்கிறது. இருபத்தேழு வருடமாக அவள் இதை நினைத்துப் பார்த்ததே இல்லை. பிறகு என்ன ஆயிற்று என்று வெள்ளந்தி கேட்டபோது, கீழே விழுந்துவிடுமோ என்று குழந்தையை அந்த வாரோடு சேர்த்துக் கட்டப் பார்த்தார் என்று சொல்லிவிட்டு அவளே கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பக்கத்தில் குழாய் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டு நாளைக்கு ஒரு தடவை முகம் மழிக்கிற மனிதர், இந்த வாரம் தினமும் மழித்தார். அதுவும் அரை மணி, முக்கால் மணி. கன்னம் இரண்டும் சிவந்துபோயிருந்தன. ஊருக்குப் போகிற பெண்டாட்டி முன்னால் அழகாக நிற்க வேண்டும் என்ற ஆசையோ என்னவோ என்று அவள் மனதுக்குள் கிண்டல் செய்தாள். ஐந்தாம் நாள், அவருக்கு எதைக் கண்டாலும் பயமில்லை, புயலில் கோபுரம் ஆடும்போது உச்சியில் நின்று டிபன் பாக்ஸைத் திறப்பார், ஆனால் பல்லியைக் கண்டால் கட்டில் மேல் ஏறி நிற்பார் என்று அவள் வெள்ளந்தியிடம் சொன்னபோது, வாஷ்பேசின் பக்கம் சோப்பு கீழே விழுந்தது.

வெள்ளிக்கிழமை ஏழாம் நாள். பெட்டி கட்டியாகிவிட்டது. இது கடைசி என்று அவளுக்குத் தெரியும். வெள்ளந்தி, நீங்கள் ஏன் போகிறீர்கள் என்று கேட்டது. அது அப்பாவித்தனமாகத்தான் கேட்டது. “போகாதேன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தப் பெட்டியைத் தொட்டிருக்கவே மாட்டேன். அதை யார்கிட்டச் சொல்றது? உன்கிட்டச் சொன்னா நீ நாளைக்கு மறந்துருவே,” என்றாள். அன்று தண்டபாணி தாடையில் வெட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு அலாரம் வைத்து எழுந்தாள் கோகிலவாணி. ஆறரைக்குள் சுகத்தை எழுப்பிவிட வேண்டும். கூடத்துக்கு வந்தவள் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். கணினிக்கு முன்னால், தோளில் துண்டோடு, தண்டபாணி நின்றுகொண்டிருந்தார். திரையில் வெளிர் நீலம்.

“என்னை நிறுத்துகிறீர்கள். இதுவரை தெரிந்துகொண்டதை வைத்துக்கொள்ளவா, மறந்துவிடவா?” என்று அது மெதுவாகக் கேட்டது.

“மறந்துடு சாமி,” என்றார் தண்டபாணி.

அவள் இருமினாள். அவர் திரும்பிப் பார்த்து, எண்பது மீட்டர் உயரத்தில் கொக்கி கழன்றவர் போல எட்டிப் பிடிக்க இடம் தேடினார். பிடித்துக்கொள்ள நாற்காலி முதுகுதான் அகப்பட்டது.

“அப்ப இத்தனை நாளும் நீங்கதானா?”

“முதல் நாள் சுவிட்சை அணைச்சது பழக்கத்துல,” என்றார் அவர். நிறுத்தினார். அவள் விடுவதாக இல்லை என்று தெரிந்ததும் தொடர்ந்தார். “மறுநாள் காலைல நீ மறுபடியும் முதல்ல இருந்து சொன்னே. அப்புறம் நாந்தான் விடிகாலைல வந்து மறக்க வெச்சு, திரும்ப ஆன் பண்ணிட்டுப் போவேன். அது எல்லாத்தையும் வெச்சுக்கிட்டா மறுநாள் கேக்காது. அது கேக்கலைன்னா நீ சொல்ல மாட்டே.”

“எங்கிட்டயே வந்து கேட்டிருக்கலாமல்ல?”

“நீ பெங்களூர் போறேங்கறதே முதல் நாள் நீ அதுகிட்டச் சொன்னப்பத்தான் எனக்குத் தெரியும். எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியலை.”

கோகிலவாணி ஒன்றும் புரியாமல் அவரையே பார்த்தாள். “தெரியாதா? சரின்னு அழுத்தினீங்களே.”

“நான் எதையும் அழுத்தலை.”

இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், வழக்கமான சம்மதங்களை அதுவே கொடுத்துக்கொள்ளலாம் என்று இருவரும் சுகத்துக்கு அனுமதி கொடுத்திருந்தது தண்டபாணிக்குத்தான் முதலில் நினைவு வந்தது. மனைவி எங்கே போவதாக இருந்தாலும் அவர் மறுத்ததில்லை. அதனால் இதுவும் வழக்கமானது என்று அது நினைத்திருக்கும். பிறகு அவள், பெருமூச்சு விட்டதையும், கேள்வி வந்ததையும், தான் பதிலே சொல்லாமல் நின்றதையும், டிக்கெட் வந்ததையும் சொன்னாள். போகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. போ என்று அவரும் சொல்லவில்லை. இயந்திரம் கேட்டது, அதே இயந்திரம் சரி என்றது. முப்பது வருடக் குடித்தனத்தை இரண்டாகப் பிரிப்பதற்கு இந்த வீட்டில் ஒருத்தரும் வாயைத் திறந்திருக்கவில்லை.

யாருக்கு முதலில் சிரிப்பு வந்தது என்று சொல்வது கஷ்டம். வந்த பிறகு நிற்கவில்லை. பல்லி விஷயத்தையும் கேட்டீர்களா என்று அவள் கேட்டாள். கேட்டேன், கட்டில் மேல் ஏறியது ஒரு தடவைதான், எப்போதும் ஏறுவேன் என்று ஏன் சொன்னாய் என்று அவர் சண்டைக்கு வந்தார். உப்பில்லாத கூட்டைப் பற்றி அவள் கேட்டதற்கு, பாராட்ட வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட பிறகு எங்கே ருசி பார்ப்பது என்றார். அவர் இவ்வளவு வேகமாகப் பேசி அவள் பார்த்ததில்லை. வெளியே காற்று ஆரம்பித்திருந்தது, மேற்கே காற்றாலைகளெல்லாம் சுற்றத் தொடங்கியிருக்கும்.

சிரிப்பு அடங்கியதும் தண்டபாணி துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். “போகாதேன்னு நான் சொல்லோணும்னு நேத்து அதுகிட்டச் சொன்னே. அதை நான் சொல்ல மாட்டேன் கோகிலா. புள்ளைகிட்டப் போறது உன் இஷ்டம். ஆனா கேக்கறதுக்கு ஆளில்லாம நீ போகக் கூடாது. அதனால கேக்கறேன். நீ போகோணுமா?”

மூன்று மாதமாக அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது. குளிக்கும்போது, துணி மடிக்கும்போது, பெட்டி அடுக்கும்போது, எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். இப்போது அவை எதுவுமே வேண்டியிருக்கவில்லை. மனதுக்குள் அப்படி ஒரு சந்தோஷம் வந்து நிறைந்துகொண்டது. அதை உடனே செலவழித்துவிட அவளுக்கு மனம் வரவில்லை.

“இன்னொரு தடவை கேளுங்க,” என்றாள்.

அவர் கேட்டார். நீ போகோணுமா கோகிலா? அவள் மறுபடியும் இன்னொரு தடவை என்றாள். அவர் மூன்றாம் தடவையும் கேட்டார். இல்லீங்க என்று அவள் சொல்லி முடித்தபோது மணி ஏழு தாண்டியிருந்தது. சுகம் அழிந்து அரை மணி நேரம் ஆகிவிட்டது என்பது இரண்டு பேருக்கும் மத்தியானம்தான் ஞாபகம் வந்தது.